பொருளை அறிந்தவர்கள் விற்கும் தெருக்கள்

கல்யாணம், வளைகாப்பு, புதுமனை புகுவிழா, கடைத் திறப்பு என்று எது வந்தாலும் எங்கள் வீட்டில் முதலில் போடப்படும் திட்டம் பாரிஸுக்குப் போவதுதான். சென்னைக்காரர்கள் பாரிஸ் என்று சொல்லும்போது அது பாரிமுனை என்ற ஒரு சந்திப்பை மட்டும் குறிப்பதில்லை; உயர் நீதிமன்றத்துக்கு எதிரே தொடங்கி, மேற்கே தங்கசாலையும் யானைக்கவுனியும், வடக்கே மண்ணடியும் ஏழுகிணறும் வரை நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும் ஜார்ஜ் டவுன் முழுவதையும் அது குறிக்கிறது. நகரத்தின் மற்ற பகுதிகளில் குளிரூட்டப்பட்ட வணிக வளாகங்கள் எத்தனையோ எழுந்துவிட்டன. வீட்டில் உட்கார்ந்தபடியே கைப்பேசியில் எதையும் வரவழைத்துக்கொள்ளலாம். இருந்தும், சாக்கடை மூடிகள் பெயர்ந்து கிடக்கும், சுவர்களில் அரச மரக்கன்றுகள் முளைத்திருக்கும், தலைக்கு மேல் மின்கம்பிகள் பின்னிக் கிடக்கும் இந்தத் தெருக்களுக்குத்தான் நான் மீண்டும் மீண்டும் போகிறேன்.

விலை மலிவு என்பதே அதற்குக் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். மொத்த விலைக் கடைகள் என்பதால் விலை குறைவுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்று இணையத்தில் அதே விலைக்கோ அதைவிடக் குறைவாகவோ பல பொருள்கள் கிடைத்துவிடுகின்றன. இந்தத் தெருக்களில் கிடைத்து வேறெங்கும் கிடைக்காதது, ஒரே ஒரு பொருளைத் தலைமுறை தலைமுறையாக விற்றுவருகிறவர்களின் அறிவுதான். காகிதம் விற்பவருக்குக் காகிதம் தெரியும்; துணி விற்பவருக்குத் துணி தெரியும்; திருகாணி விற்பவரிடம் பழைய திருகாணி ஒன்றைக் காட்டினால், அது எந்த இயந்திரத்திலிருந்து கழன்றது என்பதைப் பார்த்த மாத்திரத்திலேயே சொல்லிவிடுவார். நான் வாங்க வந்த பொருள் எனக்கு வேண்டிய பொருள்தானா என்று முதலில் கேட்கும் கடைக்காரர்களை இங்குதான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இந்த ஊருக்குள் ஊர் எப்படி உருவானது என்பதைத் தெரிந்துகொண்டால், தெருக்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதும் புரியும். புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே, கோட்டைச் சுவரை ஒட்டியே இந்திய வணிகர்களும் நெசவாளர்களும் குடியிருந்த பகுதியை ஆங்கிலேயர் கறுப்பர் நகரம் என்று அழைத்தார்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749இல் அது திரும்பக் கிடைத்த பிறகு, கோட்டைக்கு எதிரே பீரங்கிகளுக்குத் தடையின்றித் திறந்த வெளி வேண்டும் என்பதற்காகப் பழைய குடியிருப்புகள் அகற்றப்பட்டன. இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் இடத்தில் இருந்த சென்ன கேசவப் பெருமாள் கோயிலும் அப்போது இடிக்கப்பட்டு, பின்னர் பூக்கடைப் பகுதியில் சென்ன மல்லீசுவரர் கோயிலுடன் சேர்த்து மீண்டும் கட்டப்பட்டது. இந்த எல்லைக்குள் யாரும் கட்டடம் கட்டக் கூடாது என்று அறிவித்து 1773இல் நடப்பட்ட தூண்களில் ஒன்று, பாரி நிறுவனத்தின் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில் இன்னும் இருக்கிறது. அதற்கு அப்பால் இருந்த முத்தியால்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும் சேர்ந்துதான் புதிய கறுப்பர் நகரம் ஆயின. ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டிக்கொண்ட 1911இல் அந்தப் பெயர் மாற்றப்பட்டு ஜார்ஜ் டவுன் என்று ஆனது.

இரண்டு பேட்டைகளுக்கும் நடுவே முன்பு பள்ளமாகக் கிடந்த நிலத்தை, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்டீபன் பாப்பம் என்ற வழக்கறிஞர் மேடாக்கி அமைத்த சாலைதான் பிராட்வே. இன்று அது பிரகாசம் சாலை. வலங்கை, இடங்கை என்று இரண்டு அணிகளாகப் பிரிந்திருந்த சாதியினரின் அந்தக் காலத்துச் சண்டைகளின் விளைவாக, இந்தப் பேட்டை இவர்களுக்கு, அந்தப் பேட்டை அவர்களுக்கு என்று கும்பினியே, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியே, பிரித்து வைத்தது. தொழிலும் சாதியும் ஒன்றோடொன்று பிணைந்திருந்த காலம் என்பதால், ஒவ்வொரு தெருவிலும் ஒரு தொழில் வேரூன்றியது. தம்பு செட்டி, லிங்கி செட்டி, கோவிந்தப்ப நாயக்கன், நைனியப்ப நாயக்கன், ராசப்ப செட்டி, நாராயண முதலி என்று தெருப் பெயர்களைப் படித்துக்கொண்டே போனால், கும்பினியோடு வணிகம் செய்த காலத்து மனிதர்களின் பட்டியல் கிடைத்துவிடும். சாதிப் பிரிவினை அந்த வடிவில் இன்று இல்லை. தெருவுக்கு ஒரு சரக்கு என்ற ஒழுங்கு மட்டும் தங்கிவிட்டது. ஆண்டர்சன் தெருவில் காகிதமும் அழைப்பிதழும், கோடவுன் தெருவில் துணி, நைனியப்ப நாயக்கன் தெருவில் ரசாயனங்களும் மருத்துவக் கருவிகளும், லிங்கி செட்டித் தெருவில் இரும்புச் சாமான்கள், நாராயண முதலித் தெருவில் மணிகளும் சரிகை வேலைக்கான பொருள்களும் என்று போகிறது.

ஒரே பொருளை விற்பவர்கள் ஒரே தெருவில் குவிந்திருப்பது அவர்களுக்கு நட்டம் அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. நடைமுறையில் அது நேர்மாறாக இருக்கிறது. ஒரு கடையில் இல்லாத நிறத்தை அந்தக் கடைப் பையன் எதிர்க்கடையிலிருந்து ஓடிப்போய் வாங்கிவருகிறான். மாலையில் இருவரும் கணக்குப் பார்த்துக்கொள்கிறார்கள். வாங்க வருபவர் நான்கு கடை ஏறி இறங்கி விலை கேட்பார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதால், ஒருவர் மட்டும் அநியாய விலை சொல்லிப் பிழைக்க முடியாது. வாங்குபவருக்கும் அது ஒரு படிப்பு. இரண்டாவது கடையில் கேட்ட கேள்வியை வைத்துத்தான் மூன்றாவது கடையில் சரியான கேள்வியைக் கேட்க முடிகிறது.

என் தங்கை மகளின் திருமண அழைப்பிதழுக்காக ஆண்டர்சன் தெருவுக்குப் போயிருந்தோம். குறுகலான படியேறி முதல் மாடிக்குப் போனால், தரையிலிருந்து உத்தரம் வரை அட்டைப் பெட்டிகள் அடுக்கிய ஒரு சிறு கூடம். மாதிரிகள் ஒட்டிய தடித்த ஆல்பங்களைப் புரட்டிக்கொண்டு ஏற்கெனவே இரண்டு குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. தங்கை மகள் பளபளப்பான மேற்பூச்சுடன் தங்க நிற வேலைப்பாடு கொண்ட ஓர் அட்டையைத் தேர்ந்தெடுத்தாள். கடையில் இருந்த பெரியவர் விலையைச் சொல்லாமல், "உறையில பேரு கையால எழுதுவீங்களா, இல்ல அச்சடிச்சு ஒட்டுவீங்களாம்மா?" என்று கேட்டார். கையால்தான் எழுதுவோம் என்றதும், அந்த உறையின் மூலையில் பேனாவால் ஒரு கோடு இழுத்து, விரலால் தேய்த்துக் காட்டினார். மை அப்படியே வழிந்து இழுபட்டது. பிறகு, "மஞ்சள் தடவுவீங்க இல்லையா?" என்றார். வழவழப்பான பூச்சின் மேல் மஞ்சள் பிடிக்காது, உலர்ந்ததும் உதிர்ந்து உறைக்குள்ளேயே கொட்டிவிடும் என்று விளக்கி, பூச்சில்லாத, கைக்குச் சற்றே சொரசொரப்பாகத் தெரிந்த வேறொரு அட்டையை எடுத்து வைத்தார்.

அத்துடன் அவர் நிறுத்தவில்லை. இரண்டு அட்டைகளையும் எங்கள் முன்னால் மடித்துக் காட்டினார். ஒன்று கோடு போட்டதுபோல நேராக மடிந்தது. மற்றொன்றின் மடிப்பில் மேல்தாள் வெடித்து, உள்ளிருந்த வெண்மை பல்லிளித்தது. காகிதத்துக்குள் நார் ஓடும் திசை ஒன்று உண்டு என்றும், அதன் போக்கிலேயே மடித்தால் வெடிக்காது, குறுக்கே மடித்தால் வெடிக்கும் என்றும் சொல்லிவிட்டு, அச்சகத்தில் மலிவாக வெட்டிக் கொடுப்பவர்கள் தாள் வீணாகக் கூடாது என்று திசையைப் பார்க்காமல் வெட்டிவிடுவார்கள், அதனால் மடிக்கும் பக்கத்தை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்றார். அவர் எடுத்துக் கொடுத்த அட்டை நாங்கள் முதலில் தேர்ந்தெடுத்ததைவிட விலை குறைவு. இந்த ஒரு காரியத்தை எந்த இணையக் கடையும் எனக்குச் செய்ததில்லை. அங்கே படம் தெரியும், விலை தெரியும், வாங்கியவர்கள் போட்ட நட்சத்திரங்கள் தெரியும், மஞ்சள் ஒட்டுமா என்பது தெரியாது.

பார்க் டவுன் பக்கம் ராசப்ப செட்டித் தெருவில் உள்ள நாட்டு மருந்துக் கடைகளைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். அந்தத் தெருவில்தான் கந்தகோட்டம் இருக்கிறது. ஏழுகிணற்றில் வீராசாமித் தெருவில் வளர்ந்த ராமலிங்க அடிகள் இளம் வயதில் நாள்தோறும் வந்து வழிபட்டு, தெய்வமணிமாலையைப் பாடிய கோயில் அது. கோயில் வாசலிலிருந்து சில அடிகள் நடந்தாலே சுக்கும் வசம்பும் சாம்பிராணியும் கலந்த வாசனை வந்துவிடும். பிரசவம் முடிந்த என் உறவுப் பெண்ணுக்கு லேகியம் கிளற வேண்டும் என்று, அம்மா எழுதிக் கொடுத்த சீட்டோடு அங்கே போனேன். சுக்கு, மிளகு, அரிசித்திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், வால்மிளகு, சதகுப்பை என்று சீட்டு நீண்டது. கடைக்காரர் அதை ஒருமுறை படித்துவிட்டு, "சுகப்பிரசவமா, ஆபரேஷனா? எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டார். அறுவைச் சிகிச்சை என்றதும், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு கொடுக்கச் சொல்லுங்கள் என்றார். சித்திரை வெயில் என்பதால் மிளகின் அளவைக் குறைத்துப் போடட்டுமா என்று என் அனுமதியையும் கேட்டார்.

அவர் சுக்கு எடுத்த விதத்தை நான் நெருக்கமாக நின்று பார்த்தேன். மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடியை அள்ளித் தாளில் பரப்பி, வெளுத்துத் தெரிந்தவற்றை ஒதுக்கினார். அவை சுண்ணாம்பில் புரட்டியவை, பார்வைக்கு அழகாக இருக்கும், லேகியத்துக்கு வேண்டாம் என்றார். மீதியிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்து ஒடித்தார். சடக்கென்று ஒடிந்த ஒன்றைத் தராசில் போட்டார். உள்ளே ஊசிமுனை அளவு துளை தெரிந்த மற்றொன்றைக் கூடையில் எறிந்தார். அரிசித்திப்பிலி என்பது திப்பிலிக் கொடியின் காய், கண்டந்திப்பிலி என்பது அதன் தண்டும் வேரும் என்பதை, இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டித்தான் பொட்டலம் கட்டினார். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பெயரையும் எடையையும் எழுதினார். பெயர் எழுதாமல் கொடுத்தால் வீட்டில் அம்மாவைத் தவிர யாருக்கும் எது எது என்று தெரியாமல் போய்விடும் என்று அவர் சொன்னது எனக்குள் தைத்தது; எங்கள் வீட்டில் அதுதான் நிலைமை.

கோடவுன் தெருவில் கூட்டம் எப்போதும் அதிகம். பள்ளிச் சீருடைத் துணியும் திரைச்சீலைத் துணியும் கட்டுக் கட்டாக வண்டிகளிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். தாம்பூலத்தோடு கொடுக்க ஜாக்கெட் துணி வாங்கப் போனால், "எண்பதா, மீட்டரா?" என்பதுதான் முதல் கேள்வி. எண்பது சென்டிமீட்டர் துண்டு விலை குறைவு. ஆனால் சற்று நீளமான கை வைத்துத் தைப்பவர்களுக்கு அது போதாது, கொடுத்தது பீரோவுக்குள்ளேயே கிடக்கும் என்பதையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். கொத்தவால் சாவடியின் காய்கறிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. அழுகிய காய்களும் லாரிகளும் அந்தக் குறுகிய தெருக்களை மூச்சுத் திணறவைத்திருந்த நிலையில் அது தவிர்க்க முடியாத மாற்றம் என்றே நான் கருதுகிறேன். மிளகாய், மல்லி, பருப்பு, வெல்லம் போன்ற மளிகைச் சரக்குக் கடைகள் மட்டும் அங்கேயே தங்கிவிட்டன. ஒரு வருடத்துக்கு வேண்டிய மிளகாய்த்தூளை வீட்டிலேயே அரைத்துக்கொள்பவர்கள் இன்றும் மிளகாய் வாங்க அங்கேதான் போகிறார்கள்.

தங்கசாலைக்குள் நுழைந்தால் மொழியே மாறிவிடும். சௌகார்பேட்டையில் தலைமுறைகளாக வாழும் மார்வாடி, குஜராத்திக் குடும்பங்களின் அடகுக் கடைகளும் நகைக் கடைகளும் புடவைக் கடைகளும் அங்கே நிறைந்திருக்கின்றன. கல்லாவில் இருக்கும் முதியவர் மகனிடம் மார்வாடியிலும், வாடிக்கையாளரிடம் வடசென்னைத் தமிழிலும், கணக்குப்பிள்ளையிடம் இந்தியிலும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதே எனக்குப் பிடிக்கும். இரண்டு சிறிய முறுக்குகளுக்கு நடுவே வெள்ளரி, தக்காளி, வெங்காயத் துண்டுகளையும் காரச் சட்னியையும் வைத்துக் கொடுக்கும் முறுக்கு சாண்ட்விச், தமிழரின் முறுக்கும் வடக்கத்தியச் சட்னியும் ஒரே தெருவில் குடியிருந்ததால் பிறந்த பண்டம். அதேபோல், பர்மாவில் 1962 ராணுவப் புரட்சிக்குப் பிறகு கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆக்கப்பட்டதால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் அமைந்தது பர்மா பஜார். அதன் அருகே மாலை நேரங்களில் தள்ளுவண்டிகளில் கிடைக்கும் பர்மிய நூடுல்ஸ் உணவுகளான அத்தோவும் மொயிங்காவும் அவர்களோடு ரங்கூனிலிருந்து வந்தவை. நூடுல்ஸை வெறும் கையால் பிசைந்து, வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் சேர்த்து, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப்பும் ஊற்றித் தருவார்கள்.

இவ்வளவு சொல்லும்போது, இந்தத் தெருக்களின் சிதிலத்தை அழகு என்று நான் கொண்டாடுவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து பூசிய மெட்ராஸ் டெரஸ் கூரைகள் பராமரித்தால் நூறு வருடங்களுக்கு மேல் நிற்கக்கூடியவை. இங்கே அவை ஒழுகுகின்றன. வாடகை சொற்பமாக இருந்த நாளில் கட்டட உரிமையாளர்களுக்குப் பழுதுபார்க்க மனம் வரவில்லை. எந்நேரமும் காலிசெய்யச் சொல்லக்கூடும் என்ற அச்சத்தில் வாடகைதாரர்களும் கைப்பணத்தைப் போடவில்லை. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2019இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் அதற்குள் பல கட்டடங்கள் இடிப்பதற்கு மட்டுமே தகுதியானவை என்ற நிலைக்குப் போய்விட்டன. அட்டைப் பெட்டிகளும் துணியும் ரசாயனமும் மரப்படிகளும் ஒன்றாக இருக்கும் ஒரு மாடியில் தீப்பிடித்தால், தீயணைப்பு வண்டி அந்தச் சந்துக்குள் நுழைய முடியாது என்பதை நினைக்காமல் நான் எந்தப் படியிலும் ஏறுவதில்லை.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது வேறொன்று. பொட்டலம் கட்டுவது, மாதிரி ஒட்டுவது, கணக்கு எழுதுவது என்று இந்தக் கடைகளில் நூற்றுக்கணக்கான பெண்கள் காலை முதல் இரவு வரை நின்றபடியே வேலை செய்கிறார்கள். நடைபாதையில் பூவும் எலுமிச்சையும் விற்கும் பாட்டிமார்கள் வெயிலிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் போகக்கூடிய சுத்தமான கழிப்பறை இந்தப் பகுதியில் அரிதிலும் அரிது. தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவதாக ஒரு கடைப்பெண் என்னிடம் சொன்னாள். தெருவுக்கு ஒரு கழிப்பறை, மூடிய சாக்கடை, நிலத்தடியில் மின்கம்பி, பழுதுபார்க்கக் கடன் ஆகியவைதான் இந்த இடத்துக்குத் தேவை. கடைகளை எல்லாம் ஊருக்கு வெளியே ஒரு பெரிய வளாகத்துக்கு மாற்றிவிடலாம் என்று சொல்பவர்கள், எதிர்க்கடைக்கு ஓடிப்போய் நிறம் மாற்றிவரும் அந்தப் பையனையும், ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு நொடியில் சரக்கைக் கொண்டுசேர்க்கும் கைவண்டிக்காரரையும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அந்த நெருக்கம் கலைந்தால், வணிகம் எப்படியாவது பிழைத்துக்கொள்ளும்; அறிவு சிதறிவிடும்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். 2019இல் மெட்ரோ ரயில் வந்த பிறகு இங்கே வருவது மிகவும் எளிதாகிவிட்டது. துணிக்கும் காகிதத்துக்கும் உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கலாம், லிங்கி செட்டித் தெருவின் வடக்குப் பக்கத்துக்கு மண்ணடி நிலையம் வசதி, நாட்டு மருந்துக்குச் சென்ட்ரலில் இறங்கி நடந்துவிடலாம். சொந்த வண்டியை எடுத்து வரவே வேண்டாம். மொத்த வியாபாரக் கடைகள் காலை பத்து, பத்தரைக்கு மேல்தான் திறக்கின்றன; போணி ஆவதற்கு முன் வெறுமனே விலை கேட்டுவிட்டுத் திரும்புவதை இன்றும் சிலர் விரும்புவதில்லை என்பதால், பதினொன்றரைக்கு மேல் போவது இருவருக்கும் நல்லது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் விடுமுறை. "ஓரம், ஓரம்" என்ற குரல் பின்னாலிருந்து கேட்டால் உடனே ஒதுங்கிவிட வேண்டும். பாரம் இழுப்பவரால் வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. வாங்கிய சுமை அதிகமானால் கடையிலேயே கூலியாளைப் பிடித்துக் கொடுப்பார்கள். கூலியை முன்னதாகவே பேசி, பேசியதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுங்கள். ஆவணி முகூர்த்தத்துக்கு அழைப்பிதழ் வாங்குபவர்கள் ஆடியிலேயே போய்விடுவது நல்லது, ஏனென்றால் ஆடியில் கடைக்காரர்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும், கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாக அட்டையை மடித்துக் காட்டுவார்கள்.